டார்ச் லைட் சூடானால் ஆபத்தா?

ஜொகூர் தோட்டங்களில் பால்மரம் சீவப் போகிறவர்கள் விடியுமுன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புவது பழைய வழக்கம். ஒரு காலத்தில் அது கார்பைட் விளக்கு. கால்சியம் கார்பைட் கல்லில் தண்ணீர் சொட்ட, அதிலிருந்து எழும் அசிட்டிலீன் வாயு எரிந்து வெளிச்சம் தரும். இன்று அந்த இடத்தில் எல்.இ.டி. விளக்கும் லித்தியம் பேட்டரியும் இருக்கின்றன. தீச்சுடர் போய்விட்டது, சூடு மட்டும் போகவில்லை.

எல்.இ.டி. சிக்கனமானதுதான். ஆனாலும் அது வாங்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகவே மாறுகிறது. அதை வெளியேற்றத்தான் அலுமினிய உடலும் தலைப்பகுதியில் வரிவரியான வெட்டுகளும். முழு வெளிச்சத்தில் முன்பக்கம் சுட்டால் அது கோளாறு அல்ல. தரமான விளக்குகள் சிறிது நேரத்தில் தாமாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். அணைத்து வைத்த பிறகும் பேட்டரி இருக்கும் பகுதி சுட்டாலோ, இனிப்பு கலந்த இரசாயன வாடை வந்தாலோ, பேட்டரி உப்பியிருந்தாலோதான் பயப்பட வேண்டும்.

பல டார்ச்களில் இருப்பது 18650 எனப்படும் பேட்டரி. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதால் இந்தப் பெயர். முழுதாகச் சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட். அதைத் தாண்டிச் சார்ஜ் ஏறினாலோ, நசுங்கினாலோ, இரு முனைகளும் ஒன்றோடொன்று தொட்டாலோ உள்ளே வெப்பம் பெருகும். அந்த வெப்பமே மேலும் வெப்பத்தைக் கிளப்பி, கடைசியில் தீயாகச் சீறும். சட்டைப்பையில் சாவிக்கொத்தோடு உதிரிப் பேட்டரியைப் போட்டுக்கொள்வது இதனால்தான் ஆபத்து. உதிரியாக 18650 வாங்கிப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில் எச்சரித்தது.

இரவுச் சந்தையில் 9,900 எம்.ஏ.எச். என்று அச்சிட்ட 18650 பேட்டரி கிடைக்கும். நல்ல நிறுவனங்களின் பேட்டரியே 3,500ஐ ஒட்டித்தான் இருக்கிறது. அச்சிடுகிறவருக்கு மை மலிவு, அவ்வளவுதான். எண்ணிலேயே பொய் சொல்கிற பேட்டரியின் பாதுகாப்பு மூடியை நம்புவது எப்படி? சுவரில் செருகும் சார்ஜரில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குவது நல்லது.

சாதாரண அல்கலைன் பேட்டரி இப்படித் தீப்பிடிப்பது மிக அரிது. ஆனால் பழையதையும் புதியதையும் கலந்து போட்டால் வலுவிழந்தது கசியும். அந்தக் கசிவு தோலையும் கண்ணையும் அரிக்கும்.

2006 டிசம்பரில் கோத்தா திங்கியும் 2023 மார்ச்சில் பத்து பகாட்டும் கண்ட வெள்ளம் போல வந்தால் டார்ச் இல்லாமல் முடியாது. ஆனால் வெள்ளநீர் புகுந்த லித்தியம் டார்ச்சைத் துடைத்து, காயவைத்து மறுபடி சார்ஜில் போடக் கூடாது. உள்ளே தொடங்கிய அரிப்பு வெளியே தெரியாது. சார்ஜ் போடும்போது மெத்தை, சோபா, தலையணை மேல் வைக்காமல் சிமெண்டுத் தரையிலோ ஓட்டுத் தரையிலோ வைக்க வேண்டும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது.

புகை வந்தால் கையால் தூக்க வேண்டாம், அந்தப் புகை நச்சு. தூரத்தில் நின்று தாராளமாகத் தண்ணீர் ஊற்றினால் பேட்டரி குளிரும். அணைந்தது போலத் தெரிந்து மீண்டும் பற்றக்கூடும். தீ பரவினால் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 999-ஐ அழைக்க வேண்டும்.

செனாய் விமான நிலையம் வழியாகப் பயணம் போகிறவர்கள் உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும், பெரிய பெட்டியில் வைத்து அனுப்ப அனுமதியில்லை. முனைகளில் டேப் ஒட்டிவிடலாம்.