திகனையைத் தாண்டி ஒரு மலை: மெதமகாநுவர

கண்டியில் இருந்து மகியங்கனைக்குப் போகும் ஏ26 வீதியில் சுமார் 15 கிலோமீற்றர் தூரத்தில் திகன வருகிறது. நம்மில் பலருக்கு அந்தப் பெயர் 2018 மார்ச்சில்தான் அறிமுகம். முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டு, நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டு, முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்ட வாரம் அது. அதே வீதியில் தெல்தெனியவையும் கடந்து மேலே ஏறினால் மெதமகாநுவர. குடும்பமாக ஏறக்கூடிய மலை.

கண்டி இராச்சியத்தின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1815இல் ஆங்கிலேயருக்குத் தப்பி ஒளிந்தது இந்தப் பகுதியில்தான். பெப்ரவரி 18ஆம் திகதி அருகில் உள்ள பொம்முரேயில் பிடிபட்டான். வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். இயற்பெயர் கண்ணுச்சாமி. அவனைத் 'தமிழ் மன்னன்' என்று நாம் உரிமை கொண்டாடுவது பாதிதான் சரி. மதுரை நாயக்கர்களின் உறவு வழியில் வந்த, தெலுங்கும் தமிழும் புழங்கிய குடும்பம் அவனுடையது. கோட்டை என்று சொன்னாலும் மேலே மதில்களைத் தேடிப் போக வேண்டாம். மலைதான் கோட்டை.

ஊரில் இருந்து ஆறுதலாக நடந்தால் ஒரு மணித்தியாலம் அளவில் உச்சிக்குப் போகலாம். கடைசிப் பகுதி செங்குத்து. சிறுபிள்ளைகளைக் கையில் பிடித்தபடி ஏற வேண்டும். எங்களுடன் வந்த அத்தை முழங்கால் வலியோடும் ஏறிவிட்டார். ஆனால் உச்சியில் நிமிர்ந்து நிற்க மட்டும் தயங்கினார். வன்னியில் இருந்து வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உயரமான இடம் என்றால் அங்கிருந்து யாரோ நம்மைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் நீண்டது.

ஒரு பக்கம் நக்கிள்ஸ் தொடர். கீழே விக்டோரியா நீர்த்தேக்கம். 122 மீற்றர் உயர அணை, பிரித்தானிய உதவியுடன் கட்டப்பட்டு 1985இல் திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் அந்தத் தண்ணீருக்குள்தான் இருக்கிறது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது கட்டட இடிபாடுகள் வெளியே தெரியும். வீடும் வயலும் இழந்தவர்கள் பலர் மகாவலி கீழ்ப்பகுதிக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 'மகாவலி' என்றதும் மணலாறு நினைவுக்கு வரும் நமக்கு, அதே திட்டத்தில் சிங்களக் கிராமங்களும் மூழ்கின என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. இரண்டும் ஒன்றல்ல, இங்கே மூழ்கியது நீரில், அங்கே பறிபோனது நிலம். இருந்தாலும் அத்தை அந்தத் தண்ணீரையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கோயிலும் உள்ளுக்கயோ?" என்று மட்டும் கேட்டார்.

மாரி மழைக் காலத்தில் வழி வழுக்கும், அட்டைக் கடியும் உண்டு. தை பிறந்த பின் போவது நல்லது. உப்பும் சவர்க்காரமும் கொண்டுபோங்கள். அட்டைக்கு அவை போதும். மேலே தண்ணீர் கிடையாது. காய்ந்த புல்லில் தீ வேகமாகப் பரவும், அடுப்பு மூட்ட வேண்டாம். பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பும் பஸ்ஸின் நேரத்தை இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.