நான்கு பென்ஸுக்கு ஒன்பது பென்ஸ்

மருந்தைப் பற்றிப் பேசப் புகுந்த திருவள்ளுவர், நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்திருந்து பணிவிடை செய்பவர் என அதற்கு நான்கு உறுப்புக்களை வகுத்தார். கைத்தொழில் பெருகி, மக்கள் நகரங்களிற் கூலிக்கு உழைத்து வாழத் தலைப்பட்ட காலத்தில், இந்நான்கினோடு ஐந்தாவது வினா ஒன்றும் வந்து சேர்ந்தது. இவற்றுக்கெல்லாம் பணம் கொடுப்பவர் யார் என்பதே அவ்வினா. அரசாங்க வைத்தியசாலையிற் கட்டணமின்றி மருந்து பெற்றுப் பழகிய நமக்கு அதன் கூர்மை எளிதிற் புலப்படாது. ஆயினும் பல தேசங்களின் அரசியலை அது கலக்கியிருக்கிறது; இன்றும் கலக்கி வருகின்றது. அத்தகைய வாதங்களுள் ஒன்றாகிய, 1911ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எழுந்த சுகாதாரக் காப்புறுதி வாதத்தின் வரலாற்றை இன்று ஆராய்வோம்.

அக்காலத்து ஆங்கிலத் தொழிலாளி ஒருவன் நோயுற்றால், முதலில் அவனது கூலி நின்றுவிடும். அதன் பின்னரே வைத்தியர் செலவு வந்து வாயிலில் நிற்கும். நிலையான வேலையுடையோர் பலர் பரஸ்பர உதவிச் சங்கங்களிற் சேர்ந்து, வாரந்தோறும் சில பென்ஸ் செலுத்தி, நோய்க் காலத்தில் உதவிப் பணமும் சங்க வைத்தியரின் கவனிப்பும் பெற்றனர். ஆனால், வேலை இழந்து சந்தா செலுத்தத் தவறியவர், உதவி மிக வேண்டிய வேளையிலேயே உரிமையையும் இழந்தனர். நாட்கூலிக்காரரிற் பெரும்பாலோர் இச்சங்கங்களிற் சேரவே இயலாதவர். அவர்கள் வீடுவீடாக வரும் கம்பெனி முகவரிடம் சிறுதொகை கட்டி வந்தனர்; அப்பணமோ பிணத்தை மரியாதையாக அடக்கம் செய்வதற்கானது. சாவுக்குக் காப்புறுதி இருந்தது; நோய்க்கு இருக்கவில்லை. எஞ்சியோருக்குத் தரும ஆஸ்பத்திரியும், வறியோர் சட்டத்தின் கீழ் நடந்த விடுதியுமே புகலிடம். பின்னதன் வாயிலை மிதிப்பதை மானக்கேடெனக் கருதி, வீட்டிலேயே கிடந்து மடிந்தோர் பலர்.

இந்நிலையில் நிதி மந்திரியாயிருந்தவர் டேவிட் லோயிட் ஜோர்ஜ். அவர் 1908இல் ஜெர்மனிக்குச் சென்று, அங்கு நடைமுறையில் இருந்த தொழிலாளர் காப்புறுதியை நேரிற் கண்டார். அத்தேசத்தில் பிஸ்மார்க் 1883ஆம் ஆண்டிலேயே நோய்க் காப்புறுதிச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தார். சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கைத் தொழிலாளியும், ஒரு பங்கை முதலாளியும் செலுத்துவது அதன் ஏற்பாடு. சமவுடைமைக் கட்சியை 1878இல் சட்டத்தால் ஒடுக்கிய அதே பிஸ்மார்க், தொழிலாளர் மனத்தை அரசின்பால் ஈர்ப்பதற்கே இதனைக் கையாண்டார். எனினும் நோக்கம் எதுவாயினும், நோயுற்ற தொழிலாளி பயன் பெற்றான் என்பதில் ஐயமில்லை.

சட்டத்தை வகுக்கும்போது முதலில் எழுந்த கேள்வி செலவைப் பற்றியதே. பிரேத்வெயிற் என்னும் அரசாங்க உத்தியோகத்தர் ஜெர்மன் முறையை ஆராய்ந்து வரும்படி அனுப்பப்பட்டார். 1911 ஜனவரி 3ஆம் நாள், பிரான்சின் தென்கரையிலுள்ள நீஸ் நகரில், கடலுள் நீண்டு செல்லும் மேடையில் அமர்ந்து அவர் தாம் அறிந்ததை லோயிட் ஜோர்ஜுக்கு விளக்கினார். ஒவ்வோர் ஆண்டிலும் சேரும் பணத்தை அவ்வாண்டிலேயே செலவிடுவதா, அன்றி முதுமையிற் பெருகும் நோய்க்கென இளமையிலிருந்தே சேமநிதி திரட்டுவதா என்பது அங்கு எழுந்த வினா. முன்னது தொடக்கத்தில் மலிவு. காலஞ் செல்லச் செல்லச் சுமை ஏறும். பின்னது தொடக்கத்திற் கடினம். பின்னர் உறுதி தரும். பிரேத்வெயிற் சேமநிதியின் பக்கம் நின்று வாதாடினார். அவர் வழியே இறுதியிற் கொள்ளப்பட்டது.

1911 மே மாதம் 4ஆம் நாள் மசோதா பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பதினாறு முதல் எழுபது வயது வரையுள்ள உடலுழைப்பாளர் அனைவரும், ஆண்டு வருமானம் 160 பவுணுக்கு மேற்படாத ஏனைய ஊழியரும் இதில் கட்டாயமாகச் சேர வேண்டும். வாரமொன்றுக்கு ஆண் தொழிலாளி 4 பென்ஸ், பெண் தொழிலாளி 3 பென்ஸ், முதலாளி 3 பென்ஸ் செலுத்த, அரசாங்கம் 2 பென்ஸுக்குச் சமமான தொகையைச் சேர்க்கும். நான்கு பென்ஸ் கொடுத்தவனுக்கு ஒன்பது பென்ஸின் பயன் என்பது லோயிட் ஜோர்ஜ் நாடெங்கும் முழங்கிய கோஷம். நோயுற்ற ஆணுக்கு வாரம் 10 சிலிங், பெண்ணுக்கு 7 சிலிங் 6 பென்ஸ், 26 வாரம் வரை. பிள்ளைப்பேற்றுக்கு 30 சிலிங். வைத்தியர் கவனிப்பும் மருந்தும் இலவசம். காச நோயாளருக்குச் சிகிச்சை நிலையம். சட்டத்தின் பயன்கள் இவை.

இத்துணை நன்மை தரும் சட்டத்தை எல்லோரும் மகிழ்ந்து வரவேற்றனரோ? இல்லை. நாற்புறமிருந்தும் எதிர்ப்பு மூண்டது.

முதலில் எழுந்தோர் செல்வர் மனைகளின் தலைவிகளும் அவர்தம் பணிப்பெண்களும். சந்தா செலுத்தியதற்கு அடையாளமாக வாரந்தோறும் அட்டையில் முத்திரை ஒட்டுதல் வேண்டும். வீட்டு எசமானி நாவால் முத்திரையை நனைத்து ஒட்டுவதா என்று பத்திரிகைகள் ஆர்ப்பரித்தன. 1911 நவம்பர் 29ஆம் நாள் இலண்டன் அல்பேர்ட் மண்டபத்தில் தலைவியரும் பணிப்பெண்களும் ஒருங்கே கூடிக் கண்டனம் முழங்கினர். இது நகைப்புக்கு இடமான காட்சியாயினும், இதனுள் பொருள் இல்லாமற் போகவில்லை. நோய்வாய்ப்பட்ட பணிப்பெண்ணை வீட்டாரே பேணுவது வழக்கம் என்றும், அவ்வன்பைச் சட்டம் கணக்காக்கிவிடும் என்றும் அவர்கள் வாதித்தனர். அன்பில்லாத வீட்டில் வாழ்ந்த பணிப்பெண்ணின் கதி யாது என்ற வினாவுக்கு அம்மண்டபத்தில் விடை கிடைக்கவில்லை.

இரண்டாவது எதிர்ப்பு, ஏழைகளின் தோழர்களிடமிருந்தே வந்தது. தொழிற் கட்சியைச் சேர்ந்த பிலிப் சினோடன், ஜோர்ஜ் லான்ஸ்பரி போன்றோர், நிறைந்த கூலி பெறுபவனுக்கும் குறைந்த கூலி பெறுபவனுக்கும் ஒரே நான்கு பென்ஸ் என்பது நீதியன்று என்றனர். செல்வர் மீது வரி விதித்து அப்பணத்தால் நோயாளரைப் பேணுக என்பது அவர் கொள்கை. சிட்னி வெப், பியற்றிஸ் வெப் தம்பதியர், நோய் வந்தபின் பணம் கொடுப்பதினும் வருமுன் தடுப்பதே அரசின் கடன் என வற்புறுத்தினர். கட்சித் தலைவர் ராம்சே மக்டொனல்டோ சட்டத்தை ஆதரித்தார். மிகக் குறைந்த கூலியாளரின் சந்தா பின்னர் தளர்த்தப்பட்டது. லோயிட் ஜோர்ஜ் தாமே 1911 மார்ச்சில் எழுதிய ஒரு குறிப்பில், காப்புறுதி தற்காலிக ஏற்பாடே என்றும், அரசு முழுப் பொறுப்பையும் ஏற்கும் நாள் தொலைவில் இல்லை என்றும் கருத்துத் தெரிவித்திருந்தார். எதிர்த்தவரும் இயற்றியவரும் நோக்கில் ஒன்றுபட்டு, வேகத்தில் வேறுபட்டனர் எனலாம்.

மூன்றாவதாக நின்றவை காப்புறுதிக் கம்பெனிகள். விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் உதவிப் பணம் வழங்கும் எண்ணம் லோயிட் ஜோர்ஜுக்குத் தொடக்கத்தில் இருந்தது. அது தமது வியாபாரத்தைப் பாதிக்குமென அஞ்சிய கம்பெனிகள், வீடுதோறும் செல்லும் பல்லாயிரம் முகவரின் பலத்தைக் காட்டி எதிர்த்தன. அப்பகுதி மசோதாவில் இடம்பெறவேயில்லை. உதவிச் சங்கங்களோடு இக்கம்பெனிகளும் தனிக் கிளைகள் அமைத்துச் சட்டத்தை நடத்தும் உரிமையைப் பெற்றன.

நான்காவது எதிர்ப்பே கடுமையானது, அது வைத்தியர்களுடையது. உதவிச் சங்கங்களின் கீழ் அற்ப ஊதியத்துக்கு உழைத்த அனுபவம் அவர்களுக்குக் கசந்திருந்தது. வைத்தியத்தின் நிர்வாகம் சங்கங்களின் கையில் இருத்தல் கூடாது என அவர்கள் கேட்டனர். தாமும் வைத்தியராகிய கிறிஸ்தோபர் அடிசன் என்ற அங்கத்தவர் கொண்டுவந்த திருத்தத்தால் அக்கோரிக்கை நிறைவேறியது. பின்னர் எழுந்தது ஊதியப் பிரச்சினை. அரசாங்கம் ஆளுக்கு ஆண்டொன்றில் 6 சிலிங் எனக் கணக்கிட்டது. பிரித்தானிய வைத்தியர் சங்கமோ மருந்துச் செலவு நீங்கலாக 8 சிலிங் 6 பென்ஸ் கேட்டது. சட்டத்தின் கீழ்ப் பணிபுரிவதில்லை எனப் பெருந்தொகையான வைத்தியர்கள் உறுதி ஒப்பமிட்டனர். 1912 ஒக்டோபரில் அரசாங்கம் மருந்து உட்பட 9 சிலிங் வரை ஏறி வந்தது. செல்வரில்லாப் பகுதிகளில் தொழில் நடத்திய வைத்தியர் பலருக்கு, அதுவரை கண்டிராத நிலையான வருவாயாக இது தோன்றிற்று. 1913 ஜனவரியில் வைத்திய உதவி தொடங்கியபோது, பதினாயிரத்துக்கு மேற்பட்ட வைத்தியர்கள் பெயர் பதிந்திருந்தனர். சங்கத்தின் உறுதி குலைந்தது.

இவ்வாறு ஏறத்தாழ ஒரு கோடி இருபது இலட்சம் பேர் காப்புறுதியுட் சேர்ந்தனர். இனி, இவ்வாதத்திற் குரல் எழுப்பாத ஒரு சாராரை நினைவுகூர வேண்டும். சட்டம் தொழிலாளியைக் காத்தது. கூலி வேலை செய்யாத அவன் மனைவியையும், பிள்ளைகளையும் காக்கவில்லை. பிள்ளைப்பேற்றுப் பணம் ஒன்றே மனைவிக்கு உரியது. வைத்தியசாலையிலே தங்கிப் பெறும் சிகிச்சையும், காச நோய் தவிர, அடங்கவில்லை. காரணம் செலவே. முதலாளிக்குச் சங்கம் இருந்தது. வைத்தியருக்கும், கம்பெனிக்கும், தொழிலாளிக்கும் இருந்தது. சமையலறையில் நின்ற பெண்ணுக்குச் சங்கம் இருக்கவில்லை. 1939இல் மார்ஜரி ஸ்பிரிங் ரைஸ் என்னும் அம்மையார், தொழிலாளர் மனைவியர் 1,250 பேரின் நிலையை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். இரத்தசோகை, தலைவலி, மகப்பேற்றால் வந்த உபாதைகள் என்பனவற்றை ஆண்டுக்கணக்காகச் சுமந்தும், வைத்தியருக்குப் பணமின்றிப் பேசாதிருந்த பெண்களை அந்நூல் காட்டிற்று. கணக்கேட்டில் மிச்சப்பட்டதாக எழுதப்பட்ட பணத்தை, அப்பெண்கள் தம் உடம்பாற் செலுத்தினர்.

1942 டிசெம்பரில் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கையும், உலகப் போர் தந்த அனுபவமும் அக்குறையை நீக்க வழி வகுத்தன. 1948 ஜூலை 5ஆம் நாள், சுகாதார மந்திரி அனியூரின் பீவன் காலத்தில், யாவர்க்கும் பெரும்பாலும் பொது வரியைக் கொண்டே நடைபெறும் தேசிய சுகாதார சேவை தொடங்கிற்று. உடனே செலவு மதிப்பீட்டை மிஞ்சியது. மூக்குக் கண்ணாடிக்கும் செயற்கைப் பல்லுக்கும் மக்கள் திரண்டு வந்தனர். 1951இல் நிதி மந்திரி கியூ கெயிற்ஸ்கெல், கொரிய யுத்த காலத்து ஆயுதச் செலவின் நெருக்கடியில், இவ்விரண்டின் விலையிற் பாதியை நோயாளியே கொடுக்க வேண்டுமென விதித்தார். அவ்வாண்டில் எதிர்பார்த்த மிச்சம் 1 கோடி 30 இலட்சம் பவுண். அதன் பொருட்டுப் பீவன் மந்திரி பதவியைத் துறந்தார். ஹரோல்ட் வில்சனும் உடன் விலகினார். 1952இல் மருந்துச் சீட்டுக்கு ஒரு சிலிங் கட்டணம் வந்தது. பிரதம மந்திரியான வில்சன் 1965இல் அதனை நீக்கினார். 1968இல் அவரது அரசாங்கமே 2 சிலிங் 6 பென்ஸாக மீண்டும் விதித்தது. கொள்கைக்கும் கருவூலத்துக்கும் இடையிலுள்ள போராட்டத்துக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

செலவு கட்டுக்கடங்காது ஓடுகிறது என்ற கூக்குரலைத் தீர விசாரிக்க 1953இல் கில்பா என்பவர் தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. 1956இல் வெளிவந்த அதன் அறிக்கை பலரையும் வியப்பில் ஆழ்த்திற்று. தேசிய உற்பத்தியில் நூற்றுக்கு மூன்றே முக்கால் பங்காக 1949-50இல் இருந்த சேவைச் செலவு, 1953-54இல் மூன்றே கால் பங்காகக் குறைந்திருந்தது. பவுண் கணக்கிற் பார்த்தோர் ஏற்றத்தைக் கண்டனர். நாட்டின் செல்வத்தோடு ஒப்பிட்டோர் இறக்கத்தைக் கண்டனர்.

நேயர்களே, நோயின் செலவு சட்டத்தாற் பிறப்பதன்று. சட்டம் வருமுன்பே அது ஏழையின் கூலியிலும், அடகு வைத்த பொருளிலும், தாயின் மௌனத்திலும் இருந்து வந்தது. சட்டம் அதனை எடுத்து யாவரும் காணும் ஏட்டில் எழுதுகிறது; எழுதியவுடன் அது பெருந்தொகையாகத் தோன்றுகிறது. எவ்வளவு செலவாகும் என்று கேட்பது அரசியலறிவு. அதை இகழ்தல் கூடாது. ஆனால் அக்கேள்வியைக் கேட்கும் போதெல்லாம், இதுவரை அதனைச் செலுத்தி வந்தவர் யார் என்ற கேள்வியையும் உடன் கேட்டல் வேண்டும். நான்கு பென்ஸையும் ஒன்பது பென்ஸையும் பற்றி நாடே வாதாடிய அந்த ஆண்டில், எவரும் எண்ணிப் பாராத பென்ஸ்கள் பல இருந்தன.