தரங்கம்பாடியில் ஒரு எழுத்துருப் பிரச்சினை

போன ஞாயிறு மாயவரத்தில் பஸ் பிடித்து தரங்கம்பாடி போயிருந்தேன். நகர வாசலைத் தாண்டினால் கிங் ஸ்ட்ரீட், அதன் கடைசியில் கடல். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620-இல் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை கம்பீரமா நிக்குது. எல்லாரும் அங்கேதான் போட்டோ எடுக்கிறாங்க.

நான் தேடிப்போனது 1706-இல் இங்கே வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவை. தமிழில் அச்சடிக்க ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து எழுத்துகள் வந்தன. ஆனா ரொம்பப் பெரிசு, காகிதம் கட்டுப்படியாகலை. அப்புறம் இங்கேயே சின்ன எழுத்து வார்த்து, புதிய ஏற்பாட்டின் மீதிப் பகுதியை 1715-இல் அடிச்சு முடிச்சாங்க. எழுத்துருவோட மல்லுக்கட்டிய நமக்கெல்லாம் மூத்த அண்ணன் அவர்தான் :-)

அதே தெருவில், புதிய எருசலேம் தேவாலயத்தில் அவர் கல்லறை. 1719-இல் இறந்தபோது வயசு வெறும் 36. கொஞ்ச நேரம் பேசாம நின்னேன்.

கடற்கரையில் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில். பழைய கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்னுடுச்சு. டேனிஷ்காரர்கள் 1845-இல் செராம்பூரோடு சேர்த்து இந்த ஊரை 12½ லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் வித்துட்டுப் போனாங்க. கடல் காசு கொடுக்காமலே எடுத்துக்குது.

கோட்டையோட திரும்பிடாதீங்க மக்களே. அந்தக் கோயிலில் மிச்சமிருக்கிறதையும் ஒரு நடை பார்த்துட்டு வாங்க.