இதய இழைச் சாரங்கள்

மாரடைப்பில் அழிந்த தசைக்கோ பழுதான வால்வுக்கோ மாற்றாகப் புதுத் திசு வளர்வதற்கென மெல்லிழைகளால் செய்யப்படும் தாங்கிகள் இதய இழைச் சாரங்கள் எனப்படும். முதிர்ந்த இதயத்தில் ஆண்டுக்கு ஒரு விழுக்காட்டுத் தசைச் செல்கள்கூடப் புதிதாகத் தோன்றுவதில்லை. செத்த இடத்தைத் துடிக்காத தழும்பே நிரப்புகிறது. பாலிகாப்ரோலாக்டோன் முதலிய, உடலுக்குள் மெல்லச் சிதையும் பாலிமர்களும் ஜெலட்டினும் சாரத்துக்குப் பயன்படுகின்றன. இழைகள் ஒரே திசையில் கிடந்தால் செல்களும் அத்திசையில் நீண்டு வளர்ந்து ஒருசேரச் சுருங்கும்.

இச்சாரங்களுக்கு இழை எடுக்கும் மின்நூற்பு முறை மருத்துவத்துக்காகப் பிறந்ததன்று. 1902இல் அமெரிக்காவில் கூலி, மார்ட்டன் என்ற இருவர் தனித்தனியே இதற்குக் காப்புரிமை பெற்றனர். 1934இல் ஃபார்மால்ஸ் என்பவர் செயற்கை நூல் தயாரிப்பில் இதைப் புகுத்தினார். 1930களின் இறுதியில் சோவியத் ஒன்றியத்தில் பெத்ரியானோவ் முதலியோர் நச்சுக்காற்று முகமூடிகளுக்கான வடிகட்டியை இம்முறையில் செய்தனர். ஊசிமுனையில் தொங்கும் பாலிமர்க் கரைசலுக்குப் பல்லாயிரம் வோல்ட் அழுத்தம் கொடுத்தால் துளி கூம்பாக நீளும். நுனியிலிருந்து மெல்லிய தாரை பீறிட்டு, சாட்டைபோல் சுழன்று, கரைப்பான் உலர்ந்ததும் தலைமயிரினும் நூறு மடங்கு மெல்லிய இழையாகத் தட்டில் படியும். கூம்பின் கணக்கை 1964இல் ஜெஃப்ரி டெய்லர் வகுத்தார். அக்கூம்பு அவர் பெயராலேயே வழங்குகிறது. பின்னர் ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்த இம்முறைக்கு 1990களில் அக்ரன் பல்கலைக்கழகத்தின் ரெனெக்கர் குழு உயிரூட்டியது. 2004இல் வகாந்தி குழுவினர் எலிக்குட்டியின் இதயச் செல்களை இத்தகைய வலையில் வளர்த்துத் துடிக்கச் செய்தனர்.

ஆனால் ஒரே திசை இழைகள் மட்டும் போதா: இதயத் தசை நேராக ஓடுவதில்லை. கீழறையின் உட்சுவரில் ஒரு பக்கம் சாய்ந்தும் வெளிச்சுவரில் எதிர்ப்பக்கம் சாய்ந்தும் சுருளாகச் சுற்றியிருக்கிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் இவ்வளவு இரத்தத்தைத் தள்ளுவதற்கு இச்சுருளே காரணம் என்று 1969இல் எட்வர்ட் சாலின் என்பவர் கூறினார். ஹார்வர்டில் கிட் பார்க்கர் குழு, சுழலும் கலத்திலிருந்து வீசப்படும் இழைகளைக் காற்றுத்தாரையால் குவித்து, சுருள் அடுக்கிலும் வளைய அடுக்கிலும் கீழறை மாதிரிகளைச் செய்து 2022இல் வெளியிட்டது. சுருள் மாதிரியே அதிக நீர்மத்தைத் தள்ளியது. சாலின் கருத்து மெய்ப்பட்டது.

தடித்த தசைச் சாரத்தின் உட்புறச் செல்களுக்கு இரத்தக்குழாயின்றி ஆக்சிசன் எட்டாது. வால்வு மெல்லியது என்பதால் வால்வு ஆய்வு முந்திக்கொண்டது: பத்து நிமிடத்துக்குள் நூற்கப்பட்ட வால்வு ஆட்டின் இதயத்தில் இயங்கியதை 2023இல் பார்க்கர் குழு அறிவித்தது. மின்நூற்பில் செய்த, வால்வு அமைந்த குழாய்கள் குழந்தைகளிடமும் சோதிக்கப்பட்டுள்ளன. தசை ஒட்டுகள் பெரும்பாலும் ஆய்வக நிலையிலேயே உள்ளன.