விட்டுவிட்டு ஸ்டார்ட் ஆகாத கார்

பழைய புரோட்டோன் சாகா (1985), பெரோடுவா கஞ்சில் (1994) போன்ற வண்டிகளை இன்றும் ஓட்டும் பேராக் வாசிகளுக்குப் பழக்கமான கோளாறு. நேற்று ஒரே திருப்பில் உறுமிய கார் இன்று அசையாது. பட்டறைக்குப் போனதும் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிவிடும். ஆகவே மக்கர் பண்ணும் வேளையிலேயே சோதிப்பதுதான் பயன் தரும்.

சாவியைத் திருப்பும்போது முன்விளக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். விளக்கு சட்டென மங்கினால் பேட்டரியோ அதன் முனைகளோ காரணமாகலாம். முழு சார்ஜ் உள்ள பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினைச் சுழற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. விளக்கு மங்காமல் ‘டிக்’ என்ற ஒற்றைச் சத்தம் மட்டும் கேட்டால், சொலினாய்டின் தொடுமுனையோ ஸ்டார்ட்டரின் கார்பன் பிரஷ்ஷோ தேய்ந்திருக்கலாம். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் வயரைப் பலர் கடைசியில்தான் பார்க்கிறார்கள். முதலிலேயே பார்ப்பது காசை மிச்சப்படுத்தும். பழைய ரப்பர் தோட்டங்களின் செம்மண் சாலையில் குலுங்கும் வண்டியில் அதன் போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது துருவேறியிருக்கும்.

ஆட்டோ கியர் வண்டியில் சத்தமே வராவிட்டால், ‘பி’யிலிருந்து ‘என்’னுக்கு மாற்றித் திருப்பலாம். அப்போது ஸ்டார்ட் ஆனால் கியர் சுவிட்சைச் சந்தேகிக்கலாம்.

எஞ்சின் சுழன்றும் பற்றாதது வேறு கதை. மழைக்குப் பேர்போன தைப்பிங் பக்கம் என்றால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே ஈரம் துடைத்தாலே பலமுறை போதும்.