ஒரே மாதத்தில் மூன்று மரணங்கள்

நம் வயதுக்காரர்கள் பேப்பரைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது 'காலமானார்' பகுதியைத்தான். நானும் அப்படித்தான். அப்படியும் ஒரு மரணச் செய்தி என் கண்ணில் படாமல் போய்விட்டது.

2011 அக்டோபர் 5-ஆம் தேதி ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ் காலமானார். வயது 56. அந்த வாரம் முழுக்கப் பேப்பரிலும் டி.வி.யிலும் அவர்தான். ஒரு வரி விடாமல் படித்தேன்.

சில மாதம் கழித்து என் மகன் பேச்சுவாக்கில், "உங்க வாத்தியார் போயிட்டாரே, தெரியுமாப்பா?" என்றான். டென்னிஸ் ரிட்சியைச் சொன்னான். அதே அக்டோபர் 12-ஆம் தேதி, நியூஜெர்ஸியில் தனியாக வசித்த வீட்டில் அவர் இறந்து கிடந்திருக்கிறார். வயது 70. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

1989-இல், நாற்பதை நெருங்கும் வயதில், ஆபீஸ் முடிந்து மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படிக்கப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்களெல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். பாடம் 'சி' மொழி. கெர்னிகனும் ரிட்சியும் சேர்ந்து எழுதி 1978-இல் வெளியான புத்தகம்தான் எங்களுக்கு வேதம். முந்நூறு பக்கம்கூடக் கிடையாது. ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால் திரை முழுக்கத் தப்பு காட்டும். 'பாயின்டர்' புரிய எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அந்தப் படிப்புதான் பிற்பாடு ஆபீஸில் என்னைக் காப்பாற்றியது.

ரிட்சி செய்தது என்ன? 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், ரிட்சி முதலானோர் யூனிக்ஸ் என்ற இயக்க முறைமையை உருவாக்கினார்கள். அக்காலத்தில் ஒரு மெஷினுக்கு எழுதியது இன்னொரு மெஷினில் ஓடாது. மறுபடி முதலிலிருந்து எழுதவேண்டும். ரிட்சி 'சி' மொழியை உருவாக்கினார். 1973-இல் யூனிக்ஸையே அதில் திருப்பி எழுதினார்கள். பிறகு மெஷின் மாறினாலும் பெரும்பகுதியை அப்படியே கொண்டுபோக முடிந்தது. வீடு மாறும்போது புதுச் சாமான் வாங்காமல் இருப்பதையே எடுத்துப் போவதுபோல. 1983-இல் இருவருக்கும் டூரிங் விருது கிடைத்தது.

ஜாப்ஸின் ஐபோனுக்கு அடியில் இருப்பதும் யூனிக்ஸ் வழிவந்ததுதான். ஆண்ட்ராய்டு போன்களுக்கு அடியில் இருக்கும் லினக்ஸ் 'சி'யில் எழுதப்பட்டது.

அதே மாதம் 24-ஆம் தேதி ஜான் மெக்கார்த்தியும் 84 வயதில் மறைந்தார். லிஸ்ப் மொழியை உருவாக்கியவர். 'செயற்கை நுண்ணறிவு' என்று இன்று தினமும் பேப்பரில் அடிபடுகிறதே, அதன் ஆங்கிலப் பெயரை 1955-லேயே சூட்டியவர் அவர். அவர் போனதும் எனக்குத் தெரியாது.

பத்திரிகைகளை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. ஜாப்ஸ் கையில் போனைத் தூக்கிக் காட்டினார். முகம் எல்லோருக்கும் தெரியும். ரிட்சி செய்ததைப் படம் பிடிக்க முடியாது. வாசகன் எதைத் தேடுகிறானோ அதைத்தான் அவர்களும் போடுகிறார்கள். அந்த வாசகன் நான்தானே? அவர் புத்தகத்தைப் படித்துச் சோறு தின்ற நானும் ஜாப்ஸைப் பற்றித்தான் விழுந்து விழுந்து படித்தேன்.

அன்று இரவு பரணிலிருந்து அந்தப் பழைய ஜெராக்ஸ் பிரதியை இறக்கித் தூசி தட்டினேன். ஓரமெல்லாம் என் பென்சில் குறிப்பு. அட்டையில் அவர் பெயர். அஞ்சலி என்று என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.