திண்ணை, பெஞ்சு, தீப்பெட்டி ஆபீஸ்

என் அம்மா மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஏழு குரோஸ் எத்தனை பெட்டி என்று கேட்டால், கேட்டவர் வாயை மூடுமுன் ‘ஆயிரத்தெட்டு’ என்பாள். பி.ஏ. ஆங்கிலம் படித்து விருதுநகரில் வங்கிக் குமாஸ்தாவாக இருக்கும் எனக்குக் கால்குலேட்டர் வேண்டியிருக்கிறது. அம்மாவின் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. அந்தக் கணக்கு அவளுக்கு எந்த வகுப்பறையில் வந்தது, அதற்கு அவள் கொடுத்த விலை என்ன என்பது நெடுநாளாக எனக்குள் இருக்கும் கேள்வி. அதைத் தொடர்ந்து போனபோது இந்த ஊரின் பள்ளிக்கூட வரலாறே குறுக்கே வந்து நின்றது.

வகுப்பறை எதுவானாலும் குழந்தையிடம் இரண்டு விஷயங்களை எதிர்பார்க்கிறது. மனம் என்ன செய்ய வேண்டும் என்பது ஒன்று. உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. கல்வி வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதலாவதை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். ‘கையைக் கட்டு, வாயைப் பொத்து’ என்ற கட்டளைக்கும் ஒரு வரலாறு உண்டு என்பது அவர்கள் பிரக்ஞையில் இல்லை.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மனத்திடம் கேட்கப்பட்டது ஞாபகம். விரலால் மணலில் எழுதி, பிறகு ஓலைக்குப் போய், எண்சுவடியை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி ஏற்றிக்கொள்ள வேண்டும். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. அங்கிருந்து அரைக்காணி, காணி, மா, மாகாணி என்று ஏறி வர வேண்டும். நெல்லிலக்கம், பொன்னிலக்கம், குழிமாற்று எல்லாமே களத்துமேட்டிலும் கடையிலும் வயலிலும் மறுநாளே வேலைக்கு வரும் கணக்குகள். இதை வெறும் குருட்டு மனப்பாடம் என்று ஒதுக்கிய வெள்ளைக்காரனின் அபிப்பிராயத்தை நாமும் நெடுங்காலம் நம்பினோம். செந்தில் பாபுவும் பவானி ராமனும் இந்தச் சுவடிகளையும் பள்ளிகளையும் வைத்துச் செய்திருக்கும் ஆராய்ச்சிகளைப் படித்தால், அந்த ஞாபகம் ஒரு திறன், ஒரு வேலை முறை என்பது விளங்குகிறது. அங்கே எல்லோருக்கும் ஒரே பாடம் கிடையாது. அவரவர் வேகத்தில் அவரவர் போனார்கள். மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். பரீட்சை ஊருக்குள் நடந்தது.

உடம்பிடம் கேட்கப்பட்டதோ வேறு. பெல்லாரி கலெக்டராக இருந்த கேம்பெல் 1823இல் எழுதிய அறிக்கையில், காலையில் முதலில் வந்த பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவதைச் சொல்கிறார். இரண்டாவதாக வந்தவனுக்குச் சுழி. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி. அதற்குப் பிறகு வருகிறவனுக்கெல்லாம் ஒவ்வோர் அடி கூடிக்கொண்டே போகும். நம் பக்கத்தில் கோதண்டம் போட்டுத் தொங்கவிட்ட கதை கேளாதவர் இல்லை. சரஸ்வதியும் பிரம்பும் ஒரே உள்ளங்கையில் இறங்கிய காலம் அது.

மன்றோ 1822இல் உத்தரவிட்ட கணக்கெடுப்பின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தார்கள். தரம்பால் 1983இல் வெளியிட்ட நூல் இந்த எண்களை முன்வைத்து, நம்மிடம் இருந்ததை வெள்ளைக்காரன் அழித்தான் என்று வாதாடியது. வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே கணக்கில் பெண் குழந்தைகள் 4,540 பேர்தான். திண்ணை என்பது வீட்டின் வெளிப்புறம். அதிலும் யார் ஏறி உட்காரலாம் என்பதை ஜாதி தீர்மானித்தது. என் அம்மாவுக்கு அந்தத் திண்ணையில் இடம் இருந்திருக்காது என்பதை மறந்துவிட்டு அதற்காக நான் ஏங்க முடியாது.

இந்த மணல் எழுத்து கப்பலேறியது. சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைப் பிள்ளைகள் விடுதியைக் கவனித்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளியில் புகுத்தினார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குப் போதிக்க வைத்தார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளுக்கு அது ‘மெட்ராஸ் முறை’. ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், வரிசை, சட்டாம்பிள்ளை. ஆலைகள் பெருகிய தேசத்துக்கு அந்த வரிசை மிகவும் பொருந்திப்போனது.

அடுத்தது ரிசல்ட் கிராண்ட். இன்ஸ்பெக்டர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். எத்தனை பிள்ளைகள் தேறுகிறார்களோ அதற்கேற்ப மானியம். 1862இல் இங்கிலாந்தில் அமலான இந்த ஏற்பாடு, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் நம் திண்ணைகளையும் சர்க்கார் வலைக்குள் இழுத்துவிட்டது. இலக்கியம் படித்த நாம் விமர்சகராக மட்டும் அறிந்துவைத்திருக்கும் மாத்யூ ஆர்னால்ட், முப்பத்தைந்து வருஷம் பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்தவர். இந்த முறையை உள்ளிருந்துகொண்டே எதிர்த்தவர். அவர் சொன்னதன் சாரம் எளியது: ஒரு குழந்தைக்கு இவ்வளவு என்று விலை வைத்துவிட்டால், ஆசிரியர் அந்தக் குழந்தையைப் பார்ப்பதை விட்டுவிட்டு விலையைப் பார்க்கத் தொடங்குவார். பீஸ் ரேட் கூலி என்பதை எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அது தீப்பெட்டிக்கு முன்பே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது.

விருதுநகர் அப்போது விருதுபட்டி. கோயில் வாசல் மறுக்கப்பட்ட ஒரு வியாபாரச் சமூகம், சரக்கின் மீது மகமை வைத்தும், வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்தும் சத்திரிய வித்யாசாலாவை நடத்தியது. உலை வைக்கும்போது ஒரு பிடியை ஒதுக்கி வைத்த பெண்களின் கையால் நின்ற பள்ளிக்கூடம் அது. திண்ணையில் தொடங்கி அங்கே படித்த காமராஜர் ஆறாம் வகுப்பைத் தாண்டவில்லை. அவர் முதலமைச்சராகி 1956இல் மதிய உணவைக் கொண்டுவந்தபோது, குழந்தையின் உடம்பிடம் பள்ளிக்கூடம் எதையாவது கேட்பதற்கு முன்பு அதற்கு எதையாவது கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் முதன்முறையாக மாநிலம் முழுவதற்குமான சர்க்கார் காரியமாயிற்று.

அதற்கு மூன்று வருஷம் முந்தி ராஜாஜி கொண்டுவந்த திட்டம் வேறு மாதிரி. கிராமப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம் பாடம். மீதிப் பொழுது பெற்றோர் தொழில். ‘குலக்கல்வி’ என்று எதிர்க்கப்பட்டு, 1954இல் காமராஜர் பதவிக்கு வந்ததும் அது கைவிடப்பட்டது. சட்டசபையில் அது தோற்றது. சிவகாசியைச் சுற்றியிருந்த கிராமங்களில் தோற்றதா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அங்கே மூன்று மணி நேரப் பள்ளிகூட மிஞ்சாத வீடுகள் இருந்தன.

1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மழை பொய்த்த கரிசல் மண்ணுக்கு அது வாழ்வு என்பதை மறுப்பது அநியாயம். விடிகாலை இருட்டில் ஆபீஸ் பஸ் ஊருக்குள் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது என்பதை மறைப்பதும் அநியாயம். 1976இல் அப்படிப்பட்ட பஸ் ஒன்று விபத்துக்குள்ளாகிப் பிள்ளைகள் இறந்தார்கள். ஹர்பன்ஸ் சிங் குழு வந்து விசாரித்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம். 1996இல் எம்.சி. மேத்தா வழக்கில், குழந்தை ஒன்றுக்கு இருபதாயிரம் ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

தீப்பெட்டி ஆபீஸும் ஒரு வகுப்பறைதான் என்று நான் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். அம்மா சொன்னதை அப்படியே வைக்கிறேன். புதிதாக வந்த பிள்ளையைப் பழகிய பிள்ளையின் பக்கத்தில் உட்கார்த்துவார்கள். அது இதற்குக் குச்சி அடுக்கக் காட்டிக்கொடுக்கும். பேச்சு கூடாது. தலை நிமிரக் கூடாது. முதலில் வந்தவளுக்கு நல்ல இடம். ‘அங்க யாரும் அடிக்க மாட்டாங்கப்பா. குறைஞ்சா காசு குறையும், அவ்வளவுதான்’ என்றாள். பெல்லின் சட்டாம்பிள்ளை, கேம்பெல் பார்த்த காலை வரிசை, இன்ஸ்பெக்டரின் தலைக்கிவ்வளவு கணக்கு மூன்றும் அந்தக் கொட்டகையில் ஒன்றுசேர்ந்திருந்தன. பிரம்பு மட்டும் தேவைப்படவில்லை.

2007க்குப் பிறகு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. அட்டைகள், ஏணிப்படி, குழந்தையின் உயரத்துக்கு இறங்கிய கரும்பலகை, தரையில் உட்கார்ந்த ஆசிரியர். பிரம்பில்லாத, ஜாதி பார்க்காத ஒரு திண்ணை என்று எனக்குப் பட்டது. 2009 கல்வி உரிமைச் சட்டம் அடியைத் தடை செய்தது. ஆனால் இதே மாவட்டம் பிளஸ் டூ தேர்ச்சி சதவீதத்தில் 2017, 2018 இரண்டு வருஷமும் மாநிலத்தில் முதலிடம். பல வருஷப் பெருமை அது. அந்தப் பெருமையின் உட்புறம் எனக்குத் தெரியும்: காலை டெஸ்ட், மாலை டெஸ்ட், ஞாயிறு ஸ்பெஷல் கிளாஸ், பேச்சு கூடாது, தலை நிமிரக் கூடாது. ரிசல்ட் கிராண்ட் ஒழிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் ரிசல்ட் ஒழியவில்லை.

நானும் அந்த ரிசல்ட்களில் ஒருவன். கல்லூரியில் ஆர்னால்டை நான் படித்தது நோட்ஸில். மனப்பாடம் செய்து, அறுபத்தெட்டு மார்க் வாங்கினேன். அவர் எதை எதிர்த்தாரோ அதன் வழியாகவே அவர் எனக்கு வந்து சேர்ந்தார். என் மனப்பாடம் முந்திரியைப் போல வயலில் உதவவில்லை; அம்மாவின் குரோஸ் கணக்கைப் போலக் கூலியை ஏமாறாமல் எண்ணி வாங்கவும் உதவவில்லை. வேலை வாங்கித் தந்தது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் பீஸுக்குப் பிடி அரிசி போட்டவள் அவள்.

போன மாதம் அம்மா எங்கள் கிளைக்கு வந்தாள். சலானில் கையெழுத்துப் போடும்போது தலையைக் குனிந்து, மற்றொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ‘கையை எடும்மா, இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க’ என்றேன். எடுத்தாள். அடுத்த சலானுக்குக் குனிந்தபோது கை தானாகவே வாய்க்குப் போயிற்று.